போய்ப் பார்க்கச் சொன்னவர்

அந்தம்மாவிடம் எதையும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. கதவைப் பூட்டியாச்சு என்றால், "இழுத்துப் பாத்தீகளா?" என்பார். இழுத்தும் பார்த்தேன் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொருத்தர விட்டு ஒருக்கா இழுக்கச் சொல்லுங்களேன்" என்பார். டீக்காரரிடம் சீனி கம்மி என்று சொல்லுவார். டீ வந்ததும் அவரை நிற்கச் சொல்லி, ஒரு வாய் குடித்த பிறகுதான் போகவிடுவார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தான் உட்கார்ந்திருந்த சீட்டை ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டு மகளிடம், "வாசக்கதவு சாத்திட்டியா? சரி, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதிலேயே வைத்திருப்பார். அந்தச் சின்னப் பிள்ளை போய்த் திரும்பி வரும்வரை முகத்தில் ஈயாடாது.

விஸ்வநத்தத்தைத் தாண்டி ஒரு பட்டாசு ஆலையின் கேட் ஆபீஸில் நாங்கள் இருவரும் எதிரெதிர் மேஜையில் இருந்தோம். பிராட்பேண்ட் இந்தப் பக்கம் வந்த புதிது. நான் ஆலங்குளம் பக்கம் ஸ்டோர் கணக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்து உத்தரத்துக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு, அங்கே போய் ஆள்களை எண்ணலாம் என்று சேர்ந்தேன். காலையில் கேட்டைத் தாண்டி உள்ளே போகிற தலைகளை எண்ணுவேன். சாயங்காலம் வெளியே வருகிற தலைகளை எண்ணுவேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்தம்மா கம்ப்யூட்டரில் எழுத வந்தவர். முப்பது வயது இருக்கும். விருதுநகரில் மிளகாய் வத்தல் தரகு பார்க்கிற முஸ்லிம் குடும்பம். ஆலையில் எல்லோருக்கும் அவர் பாயம்மா. பெயர் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவர் இப்போது இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதாமல் விடுகிறேன்.

அவரைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. ஃபோர்மேன் பால்ச்சாமிக்கு அதுதான் காலை வேலை.

"பாயம்மா, கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாக்கூட வீட்டுக்குப் போயி மாப்பிள்ளை இருக்காரான்னு பாத்துட்டு வந்துதான் சொல்லுவீக போல."

"நான் பாத்துட்டுத்தான் கட்டினேன். நீங்க பாக்காம கட்டிட்டு இப்ப அனுபவிக்கீக."

பால்ச்சாமியே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவியை எங்களுக்கெல்லாம் தெரியும்.

இப்படி ஊரையே போய்ப் பார்க்கச் சொல்லுகிற அந்தம்மா, ஆலையின் வேலிக்கு உள்ளே ஒரு நாளும் காலை வைத்ததில்லை. இதை நான்தான் முதலில் கவனித்தேன். உள்ளே போய் ஒரு தடவை ரூம்களைப் பாருங்களேன், எழுதுவதற்கு வசதியாக இருக்கும் என்றால் ஏதாவது காரணம் சொல்லுவார். ஒரு நாள் உண்மையைச் சொன்னார். "பயமா இருக்கு அண்ணாச்சி. இங்கன உக்காந்திருக்கப்பவே ஒரு கதவு டொம்முனு சாத்தினா எனக்கு உசுரு போயிட்டு வருது."

எனக்கும் அப்படித்தான். நான் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆலையில் முப்பத்தாறு ரூம். ஒன்றில் மருந்து கலப்பார்கள், ஒன்றில் அடைப்பார்கள், ஒன்றில் திரி வைப்பார்கள். வெடிக் கலவைக்கு எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் பேர். எந்த ரூமில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு மருந்து போயிருக்கிறது, சாயங்காலம் எவ்வளவு மிச்சம் என்பதை டவுன் ஆபீஸிலிருந்தும் பார்க்கிற மாதிரி ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்றார் முதலாளியின் மாப்பிள்ளை. அதைத்தான் அந்தம்மா பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார். எழுதுவதை எனக்கு விளக்கவும் செய்வார். நான் கேள்வி கேட்பேன் என்பதால் அவருக்கு என்னிடம் ஒரு பிரியம்.

"ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு சங்கதி அண்ணாச்சி. ஒண்ணுக்குத் திரி, ஒண்ணுக்குச் சல்லடை. அம்புட்டுக்கும் முன்கூட்டியே பேர் போட்டு வைக்க முடியாது. அதனால ரூமுன்னு ஒரே ஒரு கிளாஸ், அச்சு மாதிரி. அதுல இல்லாத பேரைச் சொல்லிக் கேட்டா, கெட்டுன்னு ஒரு ஆளு உள்ள போயி எடுத்தாந்து குடுப்பான். இல்லாத பேர்ல ஒண்ண வைக்கச் சொன்னா, செட்டுன்னு ஒரு ஆளு வாங்கி உள்ள வைப்பான். ப்ராப்பர்ட்டி ஓவர்லோடிங்னு சொல்லுவாக."

ஓவர்லோடு எங்கள் ஊரில் நல்ல சொல் அல்ல. "வேற பேரே கிடைக்கலையாம்மா?" என்றேன்.

"பேரு வச்சவுக இந்தப் பக்கம் வந்ததில்ல போல" என்றார்.

பக்கத்தின் தலையில் எப்போதாவது மஞ்சளாக ஒரு ஆங்கில வரி வரும். பிழை என்று நின்றுவிடாது. ஏதோ முனகுகிற மாதிரி ஒரு அறிவிப்பு. மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. "வடநாட்டுப் பார்ட்டிக்குத் தொறந்து காட்டுறப்ப இது என்ன அசிங்கம்? எடுத்துருங்க."

"அது ஏதாவது சொல்லத்தான் வருது சார். சொல்லட்டுமே."

"சொல்றத எனக்குத் தெரியாம சொல்லட்டும்."

சம்பளம் கொடுக்கிறவர் சொல்லுகிறார். அந்தம்மா அந்த அறிவிப்புகளை மூடினார். அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது, "வாயைக் கட்டிட்டோம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு தடவை வத்தல் வாங்க அவர் அத்தாவின் கடைக்குப் போயிருந்தேன். மனிதர் என்னோடு பேசிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு மூட்டைக்குள் தோள்பட்டைவரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, மேலே கிடந்ததோடு சேர்த்துப் பார்த்தார். மேலே இருந்தது ரத்தச் சிவப்பு. அடியில் வெள்ளை பூத்த சோடை. கை முழுக்க எரிந்திருக்க வேண்டும். அவர் வாயால் ஊதிக்கொண்டே, "மேல கெடக்குறத யாரு வேணா அழகா வைப்பாக சார்" என்றார். மகளுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மிச்சக் கணக்கு முதலில் ஒரே எண்ணாகத்தான் இருந்தது. ரூமுக்கு ஒரு மிச்சம். பால்ச்சாமிதான் அதை மாற்றச் சொன்னார். "வெள்ளை, பச்சை, சிவப்பு எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிப் போட்டா எப்படி? மூணையும் ஒரே குழியில கொட்டி அழிக்க முடியுமா? தனித்தனியாப் போடுங்க பாயம்மா." நியாயமான பேச்சு. அந்தம்மா மிச்சம் என்ற ஒரே பேருக்குள் மூன்று பெட்டிகளை வரிசையாக அடுக்கினார். அர்ரே என்பார்கள் அதை. எழுதி முடித்ததும் என்னைப் பதியச் சொன்னார். பதிந்தேன். பச்சை எழுத்தில் "பதிந்தாயிற்று" என்று வந்தது, கீழேயே நான் அடித்த மூன்று எண்களும் வந்தன. அந்தம்மா தன் வழக்கப்படி இன்னொரு தடவை பதியச் சொல்லிப் பார்த்தார். அதுவும் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். அவர் திருப்தியாகத் தலையாட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு கோடை மழை. இடி இறங்க ஆரம்பித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பால்ச்சாமி அன்றைக்கு டவுனில் லோடு ஏற்றப் போயிருந்தார். பெண்கள் நனைந்துகொண்டே கேட்டைத் தாண்டும்போது அவரவர் ரூமில் கிடப்பதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். "பதினேழுல வெள்ளை ரெண்டு தட்டு, பச்சை ஒரு தட்டு கெடக்கு சார். சாக்கு போட்டு மூடியிருக்கு." பதிந்தேன். பச்சை எழுத்து வந்தது. தலைகளை எண்ணினேன், சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பால்ச்சாமி வந்ததும் திரையைப் பார்த்தார். பதினேழாம் ரூமில் தரை விரிசல் விட்டுப்போய், அது காலியாகும் நாளுக்காகவே சிமெண்டு மூட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். திரையில் பதினேழுக்கு நேரே மிச்சம் எதுவுமில்லை. "நல்லதாப் போச்சு" என்று, பெண்கள் வருவதற்கு முன்பே கொத்தனாரை உள்ளே அனுப்பி, பதினேழின் பெண்களை வேறு ரூமுக்கு விடும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அடுத்த லோடு பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு ரூமாக நடந்து பார்ப்பவர்.

அன்றைக்கு பஸ் பிந்திவிட்டது; நான் வந்து சேர்ந்தபோது இதெல்லாம் முடிந்திருந்தது, தலைகளையும் வாட்ச்மேனே எண்ணி உள்ளே விட்டிருந்தார். அவர் சொல்லித்தான் தெரியும். நானும் திரையைப் பார்த்தேன். அந்தம்மா வந்து உட்கார்ந்ததும் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"பதினேழுக்குக் கொத்தனார் போயாச்சும்மா. ஒருவழியா தரைக்கு விடிவுகாலம்."

"மருந்து?"

"காலி."

"போய்ப் பாத்தீகளா?"

"ஸ்கிரீன்ல காலின்னு இருக்கே."

"நேத்து எம்புட்டு பதிஞ்சீக?"

"வெள்ளை ரெண்டு, பச்சை ஒண்ணு. காலையில எடுத்து அழிச்சிருப்பாக."

"யாரு?"

பால்ச்சாமிக்கு முன்னால் உள்ளே போனவர்கள் யாரும் இல்லை. அந்தத் தலைக்கணக்கு வாட்ச்மேனிடம் இருந்தது.

அந்தம்மா என் மேஜைக்கு வந்தார். யாரும் இல்லாத ஒரு ரூமை எடுத்து, மிச்சத்தில் பச்சை ஐந்து என்று அடித்தார். பதிந்தாயிற்று என்று வந்தது. ஐந்தும் தெரிந்தது. பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தார். ஐந்து இல்லை. வெறும் கட்டம். இன்னொரு தடவை செய்தார். மறுபடியும் வெறும் கட்டம்.

"அண்ணாச்சி, செருப்பக் கழத்துங்க."

வேலிக்கு உள்ளே செருப்பு கூடாது. செல்போன் கூடாது, அதனால் உள்ளே இருக்கிற யாரையும் கூப்பிடவும் முடியாது. நைலான் துணி கூடாது. அந்தம்மா போட்டிருந்த கறுப்புப் பர்தா நைலான் கலந்தது. அதைக் கழற்றி வாட்ச்மேனின் நாற்காலியில் போட்டார். பருத்திச் சேலையின் முந்தியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கேட்டைத் தாண்டினார். நான் பின்னாலேயே போனேன்.

அங்கே ஓடவும் கூடாது. ஒருவர் ஓடினால் எல்லா ரூமிலிருந்தும் எல்லோரும் ஓடுவார்கள், தட்டு கவிழும். கத்தவும் கூடாது. ஆகையால் நாங்கள் நடந்தோம். வேகமாக, ஆனால் பார்க்கிறவர்களுக்கு வேகமாகத் தெரியாத மாதிரி நடந்தோம். சரளைக்கல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. நனைந்து காய்கிற மருந்து தானாகவே சூடேறும் என்று அங்கே எல்லோரும் சொல்லுவார்கள். அந்த மருந்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் இரும்பு உளியோடு உட்கார்ந்திருக்கிறான். இரும்பு தட்டினால் பொறி பறக்கும் என்று கரண்டியைக்கூடப் பித்தளையில் வைத்திருக்கிற ஆலை அது. பதினாறாம் ரூமில் நாலு பெண்கள், பதினெட்டாம் ரூமில் நாலு பெண்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன பாயம்மா, அதிசயமா உள்ள வந்திருக்கீக! மழை கொட்டப் போவுது" என்றாள். அந்தம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பதினேழின் கதவு திறந்திருந்தது. கொத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரிசலின் வாயில் உளியை நிறுத்திவிட்டு, சுத்தியலைக் கையில் எடைபார்க்கிற மாதிரி பிடித்திருந்தார். மூன்று தட்டுகளும் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன. சாக்கை உதறி மடித்து அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அந்தம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"கொத்தனாரே, டீ வந்திருக்கு. உளி, சுத்தியல் ரெண்டையும் கையிலயே வச்சுக்கிட்டு எந்திரிச்சு வாங்க. கீழ வச்சா பொம்பளைக தூக்கிட்டுப் போயிருவாளுக."

"டீயா? எனக்கா?" கொத்தனார் திரும்பிப் பார்த்தார். "இந்தக் கம்பெனியில எனக்கு யாரு தாயி டீ குடுக்கா?"

"நான்தான் வாங்கினேன். ஆறிரும், வாங்க."

அவர் எழுந்தார். இரண்டு இரும்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டி வந்தார். அவருடைய வலது உள்ளங்கை முழுக்க வெள்ளி பூசின மாதிரி மினுங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்து, "உள்ள ஏதோ சுண்ணாம்பு மாவு கெடந்துச்சு சார், ஒதுக்கி வச்சேன்" என்று அந்தக் கையை லுங்கியில் துடைத்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"டீ எங்க?"

அந்தம்மா ரூமுக்கு வெளியே இருந்த மணல் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பால்ச்சாமியைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் முகம் எண்ணெய் வழிந்த மாதிரி ஆயிற்று. "ஸ்கிரீன்ல இல்லையே... ஸ்கிரீன்ல இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அடுத்துச் செய்ததைப் புத்தியோடு செய்தார். சாப்பாட்டு மணியை முன்னதாகவே அடிக்கச் சொன்னார். பெண்கள் தூக்குவாளியோடு, பசிக்கலையே என்று சலித்துக்கொண்டு, ஒரு பதற்றமும் இல்லாமல் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். நான் எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மூன்று பேருக்கும் உண்மையான பயம் பிடித்தது. மிச்சத்தை மூன்றாகப் பிரித்த நாளிலிருந்து நான் பதிந்த ஒரு மிச்சம்கூட உள்ளே போகவில்லை. அப்படியானால் பதினேழு மட்டும்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தம்மா எழுந்து முந்தியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணாம் ரூம்ல இருந்து வருவோம்" என்றார். நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் நம்பரைச் சொல்லுவார், பால்ச்சாமி உள்ளே போய்ப் பார்த்து "இல்ல" என்பார். அந்த "இல்ல" வந்த பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகர்வோம். முந்தின நாள் நான் பதிந்தவை போக, இன்னும் இரண்டு ரூம்களில் சாக்குக்கு அடியில் பழைய மருந்து இருந்தது. ஒன்றைத் தொட்டுப் பார்த்த பால்ச்சாமி கையை எடுத்துவிட்டார். அத்தனையையும் அன்றைக்கே எடுத்து அழித்தார்கள்.

ஆபீஸுக்குத் திரும்பிய பிறகு அந்தம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்க அத்தா கடையில சாம்பிள் காட்ட மூட்டையில இருந்து ஒரு கை அள்ளுவாகல்ல? அந்தக் கையில இருக்க வத்தல்ல காம்பைக் கிள்ளிப் போட்டா, மூட்டையில இருக்க காம்பு போயிருமா? கெட்டுங்கிற ஆளு அர்ரேயைக் கேட்டா மூட்டையக் குடுக்கல அண்ணாச்சி. சாம்பிளுக்கு ஒரு கை அள்ளிக் குடுத்திருக்கான். நீங்க பதிஞ்சதெல்லாம் அந்த ஒரு கையிலதான். வேலை முடிஞ்சதும் அதைத் தூரப் போட்டுட்டான். ஒரே எண்ணா இருந்தவரைக்கும் செட்டு வாங்கி உள்ள வச்சான். அர்ரேக்குள்ள ஒரு பெட்டிய மட்டும் மாத்துனா அவனைக் கூப்பிடவே மாட்டாக."

"அது தப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லாதா?"

அவர் மூடி வைத்திருந்த அறிவிப்புகளைத் திறந்துவிட்டார். பக்கத்தை மறுபடி எடுத்தார். தலையில் மஞ்சள் வரிகள் வந்தன. ஒன்றல்ல, திரை கொள்ளாத அளவுக்கு வந்தன. மறைமுகமாக மாற்றியது, பலன் இல்லை என்ற அதே வாசகம் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. அத்தனை நாளும் அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"நான் போய்த்தான் பாத்தேன் அண்ணாச்சி" என்றார். "ஆனா நீங்க அடிச்சதையே திருப்பிக் காட்டுற மாதிரி எழுதிட்டு, அதுலயே போய்ப் பாத்திருக்கேன்."

கெட் என்ற பேருக்கு முன்னால் ஒரு சின்னக் குறியைப் போட்டார். இனிமேல் சாம்பிள் அல்ல, மூட்டையே கைக்கு வரும் என்றார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். அத்தனை உயிருக்கும் அந்தக் குறி போதுமா என்று எனக்குச் சந்தேகம். அவருக்கும் அந்தக் குறிமேல் நம்பிக்கை இல்லை. அர்ரே முழுவதையும் வெளியே எடுத்து, மாற்றி, முழுசாகத் திரும்ப உள்ளே வைக்கிற மாதிரி எல்லா இடத்திலும் மாற்றி எழுதினார். பதிந்ததை மறுபடி உள்ளே போய் எடுத்து வந்து காட்டினால்தான் பச்சை எழுத்து வரும்படி செய்தார். மாப்பிள்ளை வந்து மஞ்சள் வரிகளைப் பற்றி ஆரம்பித்தபோது பால்ச்சாமி குறுக்கே வந்து, "இருக்கட்டும் மாப்பிள்ளை. பார்ட்டிக்கு வேற பக்கம் காட்டுங்க" என்றார். அவர் அப்படி எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

அதன் பிறகு அந்தம்மா தினமும் உள்ளே போனார். காலையில் பர்தாவை மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, முந்தின நாள் மிச்சம் பதிந்த ரூம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவார். பயம் போய்விட்டதா என்று ஒரு தடவை கேட்டேன். "போகல. பயத்தோடதான் போறேன்" என்றார். கொத்தனார் எப்போது வந்தாலும், "தாயி, எனக்கு ஒரு டீ பாக்கி இருக்கு" என்பார். அந்தம்மாவும் வாங்கிக் கொடுப்பார். அந்த டீ எதற்கு என்று கடைசிவரை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

பின்னால் அவர் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். விடைபெற வந்த அன்றும் மத்தியானம்வரை ரூம்களைச் சுற்றிவிட்டுத்தான் கிளம்பினார். கேட்டில் நின்று என் கையில் ஒரு பொட்டலம் வத்தல் கொடுத்தார். "அடியில இருந்து எடுத்தது. நானே கைய விட்டேன்" என்றார்.

அவர் இடத்துக்கு ஒரு தம்பி வந்தார். மதுரையில் படித்தவர், மரியாதையான பிள்ளை. காலையில் ரூம்களைச் சுற்றுகிற வழக்கம் அந்தம்மாவோடு போய்விட்டது. வந்த வாரமே பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. நான் பதியப் பதியப் பச்சை எழுத்து உடனுக்குடன் வந்தது. முன்பெல்லாம் கொஞ்சம் நிதானித்துத்தான் வரும். சில நாளாகத் தலையில் ஒரு மஞ்சள் வரிகூடக் காணோம். எல்லாம் சரியாக இருக்கிறதனால் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் இடி இடித்து எல்லோரையும் அனுப்பியிருந்தார்கள். ஏழு ரூம்களில் மிச்சம் பதிந்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் எல்லா ரூமும் காலி.

"தம்பி, அந்த மஞ்சள் வரி முன்ன மாதிரி வரும்ல?" என்றேன்.

"அதெல்லாம் வராது சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "ஆஃப் பண்ணியாச்சு."

காலையில் எண்ணின தலைகள் அவ்வளவும் உள்ளே இருந்தன. நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.